செல்லக்கடியும் கருத்தடையும்: இளம் கடுவன் பூனை வளர்ப்பவர்களுக்கு

மாடி வீட்டுத் தம்பி போன மாதம் ஒருநாள் மாலை கீழே இறங்கி வந்தான். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடுகள். அவன் வளர்க்கும் பூனைக்கு ஏழு மாதம். கடுவன். "அக்கா, வர்ற சனிக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. பண்ணிட்டா கடிக்கிறத விட்டுருவான்ல?" என்று கேட்டான்.

பூனை வளர்க்கும் பலரிடமிருந்து இதே கேள்வி வருகிறது. கருத்தடை செய்தால் பூனை சாதுவாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். கருத்தடை சில கடிகளை நிறுத்தும், சில கடிகளைத் தொடவே தொடாது. எந்தக் கடி எந்த வகை என்று தெரியாமல் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிறவர்கள், இரண்டு மாதம் கழித்தும் கையில் ரத்தம் வரும்போது ஏமாந்துபோகிறார்கள். அந்த ஏமாற்றத்தில் பூனையை மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த வீடுகள் எனக்குத் தெரியும். வீட்டில் வளர்ந்த பூனைக்குச் சந்தையில் பிழைக்கத் தெரியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

எதை எடுக்கிறார்கள், எது மாறுகிறது

காளைக்கன்றுக்கும் ஆட்டுக்கிடாவுக்கும் காயடிப்பதை ஊர்ப்பக்கம் பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. பூனைக்குச் செய்வதும் அடிப்படையில் அதுதான், முறைதான் வேறு. முழு மயக்கம் கொடுத்து, விதைப்பையில் சின்னதாகக் கீறி, இரண்டு விதைகளையும் எடுத்துவிடுகிறார்கள். பெட்டைப் பூனைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், கடுவனுக்கு அந்த வேலை இல்லை. பழகிய மருத்துவர் கையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் தையலே போடுவதில்லை, கீறல் தானாக மூடிக்கொள்ளும். காலையில் கொண்டுபோனால் அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம்.

விதைகள் போனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடம்பில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு கடுவன் ஐந்தாறு மாதத்தில் பருவத்துக்கு வருகிறது. அதன் பிறகு அது செய்யும் சில வேலைகளுக்கு இந்த ஹார்மோன்தான் காரணம். இரவெல்லாம் மதில்மேல் நின்று கத்தும். மூன்று தெரு தள்ளிப் பெட்டை வாசம் வந்தாலும் கிளம்பிவிடும், இரண்டு நாள் கழித்துக் காது கிழிந்து வரும். வாலை விறைத்துக்கொண்டு சுவரிலும் கதவிலும் சோபாவிலும் மூத்திரம் பீய்ச்சும். அந்த நாற்றத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்றொரு பொருள் இருக்கிறது, அது கடுவனிடம்தான் மிக அதிகம். கருத்தடைக்குப் பிறகு அதன் அளவு குறைந்து நெடியும் தணிகிறது.

கடிக்கு வருவோம். பருவத்துக்கு வந்த கடுவன் இரண்டு விதமாகக் கடிக்கும். ஒன்று, இன்னொரு கடுவனோடு எல்லைச் சண்டை. இன்னொன்று, பெட்டையோடு சேரும்போது அதன் பிடரியைக் கவ்வுவது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் இளம் கடுவன் சில நேரம் நம் முன்கையையோ போர்வையையோ கவ்விப் பிடித்து, பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து மிதித்துக்கொண்டிருக்கும். அது பிடரிக் கவ்வலின் ஒத்திகை. இந்த இரண்டையும் கருத்தடை நன்றாகவே குறைக்கும். ஊர் சுற்றுவது, சண்டை, மூத்திரம் பீய்ச்சுவது ஆகியவை பெரும்பாலான கடுவன்களிடம் குறைந்துவிடுவதை 1973லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சிலவற்றிடம் சில நாட்களிலேயே மாற்றம் தெரிந்தது, சிலவற்றிடம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. எல்லாம் நூறு சதவீதம் போய்விடும் என்றும் சொல்ல முடியாது. பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த கடுவன்களிலும் சுமார் 10 சதவீதம் பின்னாளில் மூத்திரம் பீய்ச்சுவதுண்டு.

சண்டை குறைவதை நான் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. குத்திய துளை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். தெருச் சண்டைக்குப் போய்வரும் கடுவனின் கன்னமோ வாலடியோ திடீரென்று வீங்கிப்போவது இதனால்தான். பூனைகளின் நோயெதிர்ப்புச் சக்தியை அரிக்கும் வைரஸ் ஒன்றும், மனிதர்களின் எச்.ஐ.வி. போன்றது, மனிதருக்குத் தொற்றாதது, முக்கியமாக இப்படிப்பட்ட ஆழ்ந்த கடிகள் வழியாகத்தான் ஒரு பூனையிலிருந்து இன்னொரு பூனைக்குப் போகிறது.

எது மாறாது

மாடி வீட்டுப் பூனை தம்பியின் கையைக் கடித்தது இந்தக் காரணங்களுக்காக அல்ல. தம்பி சோபாவில் படுத்துக்கொண்டு விரல்களை ஆட்டுவான், அது பாயும். வயிற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டுவான், அது நான்கு காலாலும் கையைக் கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைத்துக்கொண்டே கடிக்கும். அவன் நடந்துபோனால் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கணுக்காலைப் பிடிக்கும். இதெல்லாம் விளையாட்டுக்கடி. வேட்டையாடப் பிறந்த ஒரு பிராணி வேட்டையைப் பழகிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பதுங்கு, பாய், முன்னங்காலால் அணை, பின்னங்காலால் கிழி, கடி என்ற வரிசை அதன் உடம்பில் எழுதப்பட்டது. பெட்டைக் குட்டிக்கும் இது உண்டு. ஆகவே விதைகளை எடுப்பதால் இது போகாது.

அப்படியென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு கடி குறைந்ததாகப் பலர் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. வயதைக் கவனித்தால் விளங்கும். பூனைக்குட்டிக்கு 26 பால்பற்கள். அவை மூன்றரை, நாலு மாதத்தில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 30 நிலைப்பற்கள் வந்துவிடும். ஈறு நமநமவென்று இருக்கும் அந்தக் காலத்தில் எதைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றும். துள்ளாட்டமும் அதே மாதங்களில்தான் அதிகம். கருத்தடையையும் அதே வயதில்தான் செய்கிறோம். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் பல்லும் முளைத்து முடிகிறது, குட்டித்தனமும் கொஞ்சம் அடங்குகிறது. நாம் எல்லாப் பெருமையையும் கத்திக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அதோடு இன்னொன்று. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும் தாயிடமிருந்தும்தான் கற்கிறது. பலமாகக் கடித்தால் அண்ணன் கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுவான், தாய் ஒரு தட்டு தட்டி நகர்ந்துவிடும். மூன்று வாரக் குட்டியைத் தனியாக எடுத்துவந்து வளர்த்தால் இந்தப் பாடம் விட்டுப்போகிறது. ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றிடம் மூர்க்கம் கூடுதலாக இருந்தது. குட்டி கேட்டு வருகிறவர்களிடம் பன்னிரண்டு வாரமாவது தாயோடு விடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

சுக்குவுக்கு நான் செய்த தவறு

எங்கள் சுக்கு மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் கிடைத்தவன். நாலு வாரம் இருக்கும், காய்ந்து சுருங்கிய சுக்குத்துண்டு போலவே இருந்தான். கூடப்பிறந்தது எதுவும் அருகில் இல்லை. தனியாகக் கிடந்த குட்டி என்ற இரக்கத்தில் என் கையையே அவனுக்கு விளையாட்டுச் சாமான் ஆக்கினேன். அரிசிமணி மாதிரி பற்கள், கடித்தால் கூசும். "பாரேன், செல்லக்கடி கடிக்குது" என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். தமிழில் அந்தச் சொல்லே எவ்வளவு செல்லமாக இருக்கிறது! ஆனால் நாலு வாரத்தில் செல்லக்கடியாக இருந்ததை ஏழு மாதத்தில் மூன்றரைக் கிலோ உடம்போடு அவன் செய்தபோது அதற்குப் பெயர் மாறிவிட்டது. அவன் ஒன்றும் மாறவில்லை. நாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தான்.

ஒரு நாள் அதிகாலை, எழுந்து குளியலறைக்குப் போன அம்மாவின் கணுக்காலைக் கதவு மறைவிலிருந்து பாய்ந்து பிடித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. அந்தக் காயம் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சாவு என்பார்கள். அன்று அந்த எலி என் அம்மா. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை நான் முறையாகப் படிக்கவும் மருத்துவர்களிடம் கேட்கவும் ஆரம்பித்தேன்.

கையைக் கையாகவே வைத்துக்கொள்வது

முதல் விதி ஒன்றுதான்: கை சோறு போடும், தடவிக்கொடுக்கும், விளையாடாது. காலும் அப்படித்தான். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். நான்கு பேர் ஒழுங்காக இருந்து, மாலையில் வரும் சித்தப்பா மட்டும் கையால் மல்லுக்கட்டினால் பூனைக்குக் கிடைக்கும் பாடம், "கடித்துப் பார், சில நேரம் விளையாட்டு கிடைக்கும்" என்பது. அது எப்போதும் கிடைப்பதைவிடப் பலமாக மனதில் பதியும்.

இரண்டாவது, வேட்டைக்கு ஒரு மாற்று. கடிக்க வேண்டும் என்ற ஆசையை அடக்க முடியாது, திசைதிருப்ப முடியும். கடையில் கோலில் இறகு கட்டிய பொம்மை விற்கிறார்கள். வாங்க முடியாவிட்டால் நீளமான குச்சியின் முனையில் பழந்துணிக் கிழிசலைக் கட்டினால் போதும். ஆட்டும் விதம்தான் முக்கியம். முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டக் கூடாது, எந்த எலியும் பூனையின் வாயை நோக்கி ஓடாது. தரையோடு தரையாக இழுத்து, கட்டிலுக்கு அடியில் மறைத்து, நிறுத்தி, மெல்ல அசைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். கடைசியில் அதைப் பிடிக்கவும் விட வேண்டும். ஒருமுறைகூடப் பிடிபடாத ஆட்டம் எரிச்சலைத்தான் கூட்டும். லேசர் வெளிச்சத்தை மட்டும் துரத்த விடுவதில் உள்ள குறையும் அதுதான், அங்கே பிடிக்க எதுவுமே இல்லை.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை. பூனைக்கு ரத்தம் சூடேறும் நேரம் விடிகாலையும் பொழுதுசாயும் வேளையும். அந்த இரண்டு நேரத்தையும் தவறவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் சாப்பாட்டை வையுங்கள். துரத்து, பிடி, தின்னு, நக்கித் துடைத்துக்கொள், தூங்கு என்பதுதான் பூனையின் இயல்பான சுற்று. இரவு நாம் படுக்கப்போகும் முன் ஒரு ஆட்டமும் ஒரு சாப்பாடும் என்று வைத்த பிறகு, சுக்கு அதிகாலையில் காலைப் பிடிப்பது ஒரு வாரத்திலேயே பாதியாகக் குறைந்தது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டு கிடைத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகள் 25 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. வேட்டை வெறிக்கு விளையாட்டு ஒரு வடிகால் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நூல், ரப்பர் பேண்ட், பூக்கட்டும் நார் இவற்றைத் தனியாக விளையாட விடாதீர்கள். பூனையின் நாக்கில் முள் உள்நோக்கி இருக்கிறது, வாயில் போன நூலைத் துப்ப வராது, விழுங்கிவிடும். குடலில் சுற்றிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. குச்சியில் கட்டியதையும் ஆட்டம் முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் கையைக் கவ்விவிட்டது. என்ன செய்வது? வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் கை தப்பி ஓடும் இரையாகிவிடுகிறது, பிடி இறுகும், கீறலும் ஆழமாகும். கையை அப்படியே தளரவிட்டு அசையாமல் வையுங்கள். முடிந்தால் பூனையின் பக்கமாகவே ஒரு விரற்கடை நகர்த்துங்கள். எந்த எலியும் பூனையை நோக்கி வராது என்பதால் அது குழம்பிப் பிடியை விடும். விட்டதும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போதும். பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் அடைக்க வேண்டாம், தூக்கும்போது இன்னொரு கடி விழும். நாம் விலகுவதுதான் அதன் கூடப்பிறந்தவை செய்திருக்க வேண்டிய வேலை. திரும்பி வந்ததும் பொம்மையை நீட்டுங்கள்.

முதல் சில நாள் கடி கூடலாம். இதுவரை பலித்த தந்திரம் பலிக்கவில்லையே என்று பூனை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த நாட்களில்தான் பலர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். அதைத் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

அடிப்பது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது, பிடரியைப் பிடித்துத் தூக்கி உலுக்குவது எதுவும் வேண்டாம். பூனை தன் குற்றத்தையும் நம் அடியையும் சேர்த்துப் பார்ப்பதில்லை, நம் கை வந்தால் வலிக்கும் என்பதை மட்டும் கற்கிறது. விளையாட்டாகக் கடித்துக்கொண்டிருந்தது, பயந்து கடிக்கத் தொடங்கும். விளையாட்டுக்கடியில் பூனை நகத்தையும் பல்லையும் ஓரளவு அடக்கிக்கொள்ளும். பயக்கடியில் அந்த அடக்கம் இருக்காது. அடிபட்டு வளர்ந்த பூனையைத் திருப்புவதற்கு மாதங்கள் பிடிக்கும்.

விளையாட்டு அல்லாத கடிகள்

மடியில் படுத்துச் சுகமாகக் குர்ர்ரென்று சத்தம் எழுப்பிக்கொண்டிருந்த பூனை திடீரென்று திரும்பிக் கவ்வும். "நல்லாத்தானே இருந்துச்சு" என்போம். அது முன்பே சொல்லியிருக்கும், நாம் பார்த்திருக்க மாட்டோம். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலைபோலச் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும், குர்ர்ர் சத்தம் நிற்கும். தடவியது போதும் என்பதன் மொழி அது. இதில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பூனைகளுக்குக் கன்னமும் தாடையும் காதடியும் பிடிக்கும், வயிறும் வாலடியும் பிடிக்காது. மூன்று தடவு தடவி நிறுத்திப் பாருங்கள், இன்னும் வேண்டுமென்றால் தலையால் முட்டும்.

ஜன்னல் வழியாகத் தெருக்கடுவனைப் பார்த்துச் சீறிக்கொண்டிருக்கும் பூனையைச் சமாதானப்படுத்தத் தூக்காதீர்கள். எட்டாத எதிரியின் மீதுள்ள கோபம் எட்டும் கையின் மீது விழும். திரையை இழுத்துவிட்டு, அரை மணியோ ஒரு மணியோ அதைத் தனியே விடுங்கள். இந்தக் கடியும் கருத்தடைக்குப் பிறகு குறைய வாய்ப்புண்டு, எல்லை காக்கும் வேகமே தணிகிறதல்லவா.

இதுவரை சாதுவாக இருந்தது திடீரென்று, தொட்டாலே கடித்தால் அது குணம் அல்ல, வலி. பல், காது, மூட்டு, மறைந்த சீழ்க்கட்டி எதுவானாலும் இருக்கலாம். பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆபரேஷன் நாளும் அடுத்த பத்து நாளும்

எப்போது செய்வது? நாலு முதல் ஆறு மாதத்துக்குள், பருவத்துக்கு வருமுன் செய்வது நல்லது. மூத்திரம் பீய்ச்சிப் பழகிய பிறகு செய்தால் பழக்கம் மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று வயதானாலும் செய்யலாம், தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். சீக்கிரம் செய்தால் மூத்திரக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அளந்து பார்த்த ஆய்வுகளில், சீக்கிரம் செய்தவற்றுக்கும் தாமதமாகச் செய்தவற்றுக்கும் குழாய் அகலத்தில் வேறுபாடு தென்படவில்லை. நம் ஊரில் வெயில் ஆண்டு முழுக்க இருப்பதால் பெட்டைகள் ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் சினைக்கு வரும், சினைக்காலமோ இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஒரு கடுவனை வெளியே விட்டால் தெருவில் எத்தனை குட்டிகள் பிறந்து எத்தனை வண்டியில் அடிபடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

எங்கே செய்வது? சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது, அதன் மருத்துவமனைக்குச் செல்லப்பிராணிகளைக் கொண்டுபோகலாம். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள், தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் இடத்துக்கு இடம் நிறையவே மாறும். போகும் முன் தடுப்பூசிகள் போட்டு முடித்திருப்பது நல்லது, நோயுற்ற பூனைகளும் வந்துபோகும் இடம் அது. விதைப்பையில் ஒரு விதை மட்டும் தட்டுப்பட்டால் மருத்துவர் சொல்வார். இன்னொன்று வயிற்றுக்குள் தங்கியிருக்கும். அதையும் தேடி எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளை நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது என்பதால் பெரிய பூனைக்குச் சொன்ன கணக்கை இதற்குப் பொருத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்று அதை யாரும் கொஞ்ச வேண்டாம். மயக்கம் தெளியும்போது பூனைக்கு எங்கே இருக்கிறோம் என்று புரியாது. அருகில் வரும் கையை, அது பிரியமான கையாக இருந்தாலும், கடித்துவிடும். வெளிச்சம் குறைந்த ஒரு அறையில், தரையில் துணி விரித்து விடுங்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் பிரித்து வையுங்கள், மருத்துவமனை வாசத்தோடு வந்ததை மற்றது அந்நியன் என்று நினைத்துச் சீறும். பூனை மலஜலம் கழிக்கும் தட்டின் மணல் காயத்தில் ஒட்டாமலிருக்க, சில நாட்களுக்கு அதில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள். நக்கினால், வாய் காயத்தை எட்டாதபடி தடுக்கும் கழுத்துக்கூம்பு மாட்ட வேண்டும். பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது. விதைப்பை கொஞ்சம் வீங்கி, விதைகள் அப்படியே இருப்பது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், வற்றிவிடும். ரத்தம் சொட்டினாலோ, சீழோ நாற்றமோ இருந்தாலோ, மறுநாளும் சாப்பிடாவிட்டாலோ திரும்பக் கொண்டுபோங்கள்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: வலிக்கிறது பாவம் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். காயத்தில் டெட்டால் தடவுவதும் பூனைக்கு விஷம். வலிமருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தது மட்டும்தான், அவர் சொன்ன அளவு மட்டும்தான்.

விதைகளை எடுத்த பிறகும் சில வாரங்களுக்குக் குழாய்களில் விந்து மிச்சமிருக்கும். கருத்தடை செய்யாத பெட்டை வீட்டில் இருந்தால் ஒன்றரை மாதமாவது தனித்தனியாக வையுங்கள். பசியும் கூடும். உடம்புக்குத் தேவைப்படும் சக்தியோ கால்வாசிக்கு மேல்கூடக் குறைந்துவிடலாம். கேட்கும்போதெல்லாம் போட்டால் ஒரு வருடத்தில் பூனை உருண்டுவிடும். அளந்து போடுங்கள், பலமுறையாகப் பிரித்துப் போடுங்கள். தயிர்சாதத்தில் வளர்க்க நினைக்காதீர்கள், பூனை மாமிசம் தின்றே வாழப் பிறந்தது. தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். கருத்தடை ஆனாலும் ஆகாவிட்டாலும், ஒரு கடுவன் மூத்திரத்துக்கு உட்கார்ந்து முக்கிக்கொண்டு, எதுவும் வராமல் திணறினால் அது அவசரம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நமக்குக் கடி பட்டால்

பற்கள் தோலைத் துளைத்திருந்தால், குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். துளை சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பூனைக்கடி நாய்க்கடியைவிட அதிகம் சீழ்பிடிக்கக்கூடியது. பூனையின் வாயில் சாதாரணமாக வாழும் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா ஒரே நாளில் கையை வீங்கவைத்துவிடும். விரல் மூட்டிலோ மணிக்கட்டிலோ பட்டாலும், சர்க்கரை நோயாளிக்குப் பட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வெறிநோயை நாய்க்கு மட்டும் உரியதாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூனை வழியாகவும் அது வரும், வந்துவிட்டால் உயிர் தப்புவது அநேகமாக இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். வெளியே போய்வரும் பூனை கடித்திருந்தால் தயங்காமல் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பூனைதானே, ஊசி போட்டதுதானே என்றாலும் மருத்துவரிடம் சொல்லி அவர் முடிவுக்கு விடுங்கள். பூனைக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் என்று மறக்காமல் போட்டுவிடுங்கள்.

மாடி வீட்டுப் பூனைக்குச் சொன்ன சனிக்கிழமை ஆபரேஷன் ஆனது. இரவுக் கத்தல் மூன்றாவது வாரத்தில் நின்றது, சுவரில் பீய்ச்சுவதும் நின்றது. கடி நிற்கவில்லை. தம்பி ஒரு துடைப்பக்குச்சியில் பழைய சிவப்புத் துண்டைக் கிழித்துக் கட்டி, தினமும் காலையிலும் கல்லூரி விட்டு வந்த பிறகும் மொட்டை மாடிக் கதவைச் சாத்திவிட்டு அதோடு ஓடுகிறான். அவன் கையில் இருந்த கோடுகள் இப்போது பழுப்பாக மாறிவருகின்றன, புதிதாக இரண்டுதான். சுக்குவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அம்மா பாத்திரம் கழுவும்போது இன்னமும் அவள் காலடிக்கு வந்து பதுங்குவான், பின்புறத்தை ஆட்டுவான், பிறகு ஏதோ நினைவு வந்தவன் போல எழுந்து கட்டிலடிக்குப் போய்த் தன் பழைய காலுறையை இழுத்துவந்து அவள் முன்னால் போடுவான்.